எண்பத்தெட்டுக்கு மேல்

எனக்கு முட்டி வலி கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எட்டு மாதமாக, முகம் தெரியாத பலர் என் முட்டியை விசாரித்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நானும் "இப்போது பரவாயில்லை, அன்புக்கு நன்றி" என்று பதில் போட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் நிறுவனம் வீட்டில் பாட்டுப் பாடும் பெட்டி விற்கிறது. வாயால் கேட்டால் பாட வேண்டும், நிறுத்து என்றால் நிறுத்த வேண்டும். இரண்டும் சில வீடுகளில் நடக்கிறது. நடக்காத வீட்டுக்காரர்கள் எங்களைத் திட்டி எழுதுவார்கள். ஒவ்வொரு புகாரையும் ஒரு டிக்கெட்டாகப் பதிந்து, அதற்குப் பதில் எழுதுவதுதான் என் பிழைப்பு. பதில் எழுதுகிறவர்கள் சொந்தப் பெயர் போடக் கூடாது, ஆளுக்கொரு பறவைப் பெயர் என்பது இங்கே விதி. என் பெயர் மைனா.

எனக்கு முன்னால் வேறொரு மைனா இருந்தார். ஒன்பது வருடம் இதே நாற்காலியில் உட்கார்ந்து எழுதியவர். ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் போடும் மதிப்பெண்ணில் அந்தப் பெயருக்கு ஐந்துக்கு நாலே முக்கால். அதைத் தூக்கிப்போட நிறுவனத்துக்கு மனசு வரவில்லை. பெயரும் காலி, நாற்காலியும் காலி. இரண்டிலும் என்னை உட்கார வைத்தார்கள்.

மேஜை இழுப்பறையில் பாதி தீர்ந்த தைலப் புட்டி ஒன்று இருந்தது. விசைப்பலகையில் நாலைந்து எழுத்துகள் அவர் விரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தன. இரண்டையும் நான் மாற்றச் சொல்லவில்லை. சில மதியங்களில் இழுப்பறையைத் திறக்காமலேயே தைல வாசனை வரும். அப்போதெல்லாம் என் முட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். சிரிக்காதீர்கள், எட்டு மணி நேரம் ஒருத்தர் பெயரில் பேசிப் பாருங்கள், தெரியும்.

அவரைப் பற்றி அலுவலகத்தில் யாரும் பேசமாட்டார்கள். காரணம், எனக்கு மூன்று இருக்கை தள்ளி உட்கார்ந்திருக்கும் நிரல் எழுதுகிறவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். செத்துப்போன மைனாவின் கணவர். பதினாறாம் நாள் வேலைக்குத் திரும்பியவர், வந்த அன்றைக்கே, குழு முழுதும் காலையில் நின்றபடி பேசும் ஸ்டாண்டப் கூட்டத்தில் நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்யப்போகிறேன், தடை ஏதுமில்லை என்று மூன்று வாக்கியம் சொன்னாராம். அன்றிலிருந்து தினமும் அதே மூன்று வாக்கியம். யாராவது என்னை "மைனா, அந்த டிக்கெட் என்னாச்சு?" என்று கூப்பிடும்போது மட்டும் அவர் தட்டச்சுச் சத்தம் ஒரு நொடி நிற்கும். பிறகு ஓடும். அந்த ஒரு நொடியை எட்டு மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் உண்டு. எதிர்ச் சுவரில் பெரிய திரை. எந்தெந்தச் சோதனைக் கணக்கில் பாட்டு ஓடுகிறது என்று அதில் சின்னச் சின்ன விளக்குகள் எரியும். தினமும் பிற்பகல் சரியாக மூன்றரைக்கு 'சோதனை-7' என்ற விளக்கு பச்சையாக எரியும். இரண்டு நிமிடம் கழித்து அணையும். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் எரியும், யாரும் இல்லாவிட்டாலும் எரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"அது யாரோட கணக்கு?"

"அது பழசு அக்கா. விடுங்க," என்றான் எங்கள் குழுவை மேய்க்கிறவன். எதைச் சொன்னாலும் அவசரம் என்று சிவப்புச் சீட்டு ஒட்டுவதால் அவனுக்கு அவசரம் என்றே பெயர். அவனே விடு என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான். நானும் விட்டேன்.

இனி பல்செட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் வீட்டிலேயே பட்டறை வைத்துப் பல்செட் செய்கிறவர். பல் டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் பல்லை வரிசையாகப் பதித்துக் கொடுப்பார். இரண்டு கையும் எப்போதும் அச்சு மாவும் மெழுகுமாக இருப்பதால், வாயால் கேட்டால் பாடும் பெட்டி அவருக்கு வரப்பிரசாதம். ஆனால் எந்தப் பாட்டும் முடிவதில்லை, கடைசி அடி வரும்போது பெட்டி வாயை மூடிக்கொள்கிறது என்பது அவர் புகார். "எங்களிடம் நன்றாகத்தான் பாடுகிறது" என்பது எங்கள் குழுவின் பதில். ஒன்றரை வருடமாக அந்த டிக்கெட் ஸ்பிரிண்ட் என்று நாங்கள் சொல்லும் ஒவ்வொரு இரண்டு வார வேலைத் தவணையிலும் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளப்பட்டு, கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

அவரிடமிருந்து எனக்குத் தினமும் ஒரு அஞ்சல் வரும். "மைனா, இன்று 41 முதல் 46. பிறகு 88க்கு மேல் இல்லை. முட்டி எப்படி இருக்கிறது?" மறுநாள்: "இன்று 17, 18. பிறகு 88க்கு மேல் இல்லை. தைலம் தேய்க்கிறாயா?" எனக்கு எண்கள் புரியவில்லை. புரியவில்லை என்று கேட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் நான் மைனா இல்லை என்று தெரிந்துவிடும். அதனால் எண்களை விட்டுவிட்டு முட்டிக்கு மட்டும் பதில் எழுதினேன். அஞ்சலை 'ஏற்கனவே வந்த புகாரின் நகல்' என்ற பெட்டிக்குள் தள்ளினேன். ஒன்றல்ல, இருநூற்று முப்பது அஞ்சல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறோம் என்று அப்போது உறைக்கவில்லை.

அந்த ஸ்பிரிண்டில் ஒரு துப்புரவு வேலை வந்தது. ஆளில்லாத சோதனைக் கணக்குகளையெல்லாம் அழிக்க வேண்டும், வியாழன் மாலை நான்கு மணிக்குள். அழித்தால் அவற்றில் இருக்கும் ஒலிப்பதிவுகளும் போய்விடும், திரும்பி வராது. அந்த வேலைக்கான சீட்டு அண்ணன் பெயரில் விழுந்தது. "அரை நாள் வேலை," என்று மட்டும் சொன்னார். அழிப்பதற்கு முன்னால், அந்தக் கணக்குகளோடு இணைந்த வீடு ஏதாவது இருந்தால் சொல்லிவிட வேண்டியது என் பொறுப்பு. பட்டியலை எடுத்தேன். முப்பத்தொரு கணக்கில் ஒன்றே ஒன்று ஒரு வீட்டோடு இணைந்திருந்தது. சோதனை-7. பல்செட்டம்மா வீடு.

திங்கட்கிழமை பிற்பகல் கண்ணாடி அறைக்குள் போய் அவரை அழைத்தேன். "வணக்கம்மா, மைனா பேசறேன்," என்றேன். வாய் பழகிவிட்டது.

அந்தப் பக்கம் ராவிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"நீ மைனா இல்லையே."

"இல்லம்மா, நான் மைனாதான்..."

"ஏம்மா, மைனா குரல் எனக்குத் தெரியாதா? தினமும்தான் கேக்கறேனே."

"தினமுமா?" என்றேன்.

"மூணரைக்கு. மணி இப்ப மூணு இருபத்தெட்டு. ஃபோன வைக்காத. பெட்டி பக்கத்துல வைக்கறேன், நீயே கேளு."

கண்ணாடிக்கு வெளியே சுவர்த் திரை தெரிந்தது. சோதனை-7 பச்சையாக எரிந்தது. என் காதில் ஒரு பெண் குரல், கொஞ்சம் கரகரப்பாக, பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது போல நிதானமாக எண்ண ஆரம்பித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு பத்துக்கும் ஒரு மூச்சு எடுத்தது. அந்த மூச்சு என் காதுக்குள் வந்து போனது. முப்பத்திரண்டுக்குப் பிறகு வெறுமை. மீண்டும் முப்பத்தாறு. எண்பத்தெட்டு என்றதும் நின்றுவிட்டது. திரையில் விளக்கு அதற்குப் பிறகும் சிறிது நேரம் எரிந்துதான் அணைந்தது. நான் உட்கார்ந்திருந்தது அந்தக் குரலின் நாற்காலியில் என்ற நினைப்பு வந்து, எழுந்து நின்றுகொண்டேன். நின்றது கண்ணாடி அறையில், நாற்காலி வெளியே இருந்தது. பயம் அந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

பல்செட்டம்மா விளக்கினார். பாட்டில் எங்கே விடுபடுகிறது என்று சொல்லத் தெரியவில்லை என்று இவர் புலம்பியிருக்கிறார். மைனா தன் குரலில் நூறு வரை எண்ணிப் பதிவு செய்து, தினமும் மூன்றரைக்கு இவர் பெட்டியில் ஓடும்படி வைத்திருக்கிறார். எந்த எண் கேட்கவில்லையோ அதை எழுதி அனுப்ப வேண்டும். நூறு வரை முழுதாக வந்தால் பெட்டி சரியாகிவிட்டது என்று அர்த்தம். இருவரும் தொலைபேசியில் பேசி வைத்த ஏற்பாடு, எந்த டிக்கெட்டிலும் ஏறவில்லை.

"சரி, அவ எங்க? லீவா?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

"அவங்க இறந்துட்டாங்கம்மா. எட்டு மாசமாச்சு."

"அப்ப எனக்குப் பதில் எழுதினது?"

"நான்தான்."

"முட்டி?"

"என் முட்டி நல்லாத்தான் இருக்கும்மா."

"வெக்கமா இல்ல உனக்கு?" என்றார். இருந்தது. "எட்டு மாசம். செத்தவ எண்ணிக்கிட்டே இருக்கா, நான் எழுதிக்கிட்டே இருக்கேன், படிக்க ஒரு ஆள் இல்ல. இப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

வியாழக்கிழமை அந்தப் பதிவை அழிக்கப்போகிறோம் என்றேன். அவர் ஃபோனை வைத்துவிட்டார்.

என் கஷ்டம் இதுதான். வியாழன் நான்கு மணிக்கு அண்ணன் ஒரு பொத்தானை அமுக்குவார். முப்பத்தொரு வரியில் ஒரு வரியாக, தன் மனைவியின் குரலைத் தன் கையாலேயே அழிப்பார். அவருக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் நான். சொன்னால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது. சொல்லாவிட்டால் அதைவிடப் பெரிய பாவம். அன்று மாலை வீட்டில் எங்கள் பெட்டி, நிறுத்து என்றால் அடுத்த பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் வயரைப் பிடுங்கிப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"சொல்லிடு," என்றார். "இன்னைக்கு அழுதாருன்னா நாளைக்குத் தேறிடுவாரு. என் கையாலயே அழிச்சேன்னு பின்னாடி தெரிஞ்சுதுன்னா, தேற வழியே இல்ல."

செவ்வாய் ஸ்டாண்டப்பில் சொல்ல நினைத்தேன். என் முறை வந்தது. நேற்று இதைச் செய்தேன், இன்று இதைச் செய்வேன், தடை ஏதுமில்லை என்றது என் வாய். மூன்றரைக்குத் திரையில் விளக்கு எரிந்தது. இப்போது அதைப் பார்க்கும்போது என் உதடு தானாக எண்ணியது. இரண்டு நிமிடம் அண்ணன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தலை திரையின் பக்கம் ஒரு தடவை கூடத் திரும்பவில்லை.

புதன்கிழமை என் முறை வந்ததும், "ஒரு தடை இருக்கு," என்றேன். அவசரம் நிமிர்ந்தான். எட்டு மாதத்தில் நான் சொன்ன முதல் தடை.

இருநூற்று முப்பது அஞ்சலையும் அச்செடுத்து வைத்திருந்தேன். அந்தத் தாள்களைக் கட்டாக அண்ணன் கையில் கொடுத்தேன். அவர் நின்றபடியே புரட்டினார். முதல் நாலைந்து பக்கத்தைச் சும்மா பார்த்தார். பிறகு கண் கூர்மையானது, வேலைக்காரன் கண்.

"நடுவுல விடுபடறது தினமும் மாறுது. அது இணைப்புக் கோளாறு," என்றார். "ஆனா எண்பத்தெட்டு மாறவே இல்ல. இருநூத்தி முப்பது நாளும் எண்பத்தெட்டு." பக்கத்தைத் தட்டினார். "பாட்டு துண்டு துண்டாத்தான் போகுது. கடைசித் துண்டு முழு நீளம் இல்லைன்னா இந்தப் பெட்டி அத குப்பைன்னு எறிஞ்சுடுது. அதான் எந்தப் பாட்டும் முடியல. ஒன்றரை வருஷமா நம்மகிட்ட சரியா ஓடுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தோம். யாரு இவ்வளவு ஒழுங்கா எண்ணினது?"

"மைனா," என்றேன்.

"நீங்களா?"

"இல்லண்ணே. அவங்க. அவங்க குரல்தான். சோதனை-7ல இருக்கு. தினமும் மூணரைக்கு அந்தம்மா வீட்ல எண்ணுது."

அவசரம் சிவப்புச் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அண்ணன் தாள்களை மேஜையில் வைத்து, ஓரங்களைத் தட்டிச் சமமாக்கினார். நாலு பக்கமும் தட்டினார். மறுபடியும் தட்டினார். பிறகு கழிவறைப் பக்கம் நடந்தார். அரை மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

நான் தயங்கித் தயங்கி, "கோப்பு நம்ம சர்வர்லயே இருக்குண்ணே. கேக்கணும்னா இப்பவே கேக்கலாம்," என்றேன்.

"வேணாம்மா," என்றார். "இங்க எப்பவும் சரியாத்தான் ஓடும். அந்தம்மா வீட்ல ஓடணும்னுதானே அவ எண்ணினா. அங்கயே கேக்கறேன்."

அன்று முழுக்க வேலை செய்தார். வியாழன் மதியம், திருத்தத்தை அந்த ஒரு வீட்டுப் பெட்டிக்கு மட்டும் அனுப்பினார். மூன்றரை நெருங்கும்போது நான் பல்செட்டம்மாவை அழைத்தேன். மூன்று தடவை எடுக்கவில்லை. நான்காவது தடவை எடுத்ததும், அவர் வாயைத் திறக்கும் முன், "அம்மா, உங்க கடுதாசி எல்லாத்தையும் படிச்சாச்சு. பெட்டியச் சரி பண்ணியாச்சு. ஒரே ஒரு தடவை அது பக்கத்துல ஃபோன வைங்க. மைனாவோட வீட்டுக்காரரும் கேக்கறாரு," என்றேன்.

"வீட்டுக்காரரா," என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. ஃபோன் எதன் மீதோ வைக்கப்படும் சத்தம் கேட்டது.

கண்ணாடி அறையில் அண்ணன், அவசரம், நான் என்று மூன்று பேர். மேஜை நடுவில் ஃபோன். அண்ணன் கைகளை மடியில் வைத்திருந்தார். திரையில் பச்சை எரிந்தது.

ஒன்று. இரண்டு. மூன்று.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இருபது வந்தது, முப்பது வந்தது. ஐம்பதில் குரல் கொஞ்சம் களைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்கு அவர் லேசாகச் சிரித்தார். எழுபத்திரண்டு, எழுபத்து மூன்று மட்டும் விடுபட்டன. எண்பதுக்கு மேல் நான் மூச்சே விடவில்லை. எண்பத்தாறு. எண்பத்தேழு. எண்பத்தெட்டு.

எண்பத்தொன்பது.

அந்தப் பக்கம் பல்செட்டம்மா "ஆ" என்றது கேட்டது. தொண்ணூறு. தொண்ணூற்றொன்று. இதுவரை யாரும் கேட்டிராத எண்கள், ஒவ்வொன்றாக. தொண்ணூற்றொன்பது. நூறு.

முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. பதிவை நிறுத்துவதற்கு முன்னால், அதற்குள் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது; வீட்டில் உட்கார்ந்து பதிந்திருக்கிறார். அந்தக் குரல், எண்ணும் குரலாக இல்லாமல் வீட்டுக் குரலாக மாறி, உரக்கக் கேட்டது.

"நூறு. அப்பாடி. ஏங்க, அடுப்ப அணைச்சாச்சா?"

அவ்வளவுதான். ஒலி நின்றது.

அண்ணன் கண்ணைத் திறந்தார். ஃபோனைப் பார்த்துக் குனிந்தார்.

"அணைச்சாச்சு," என்றார்.

அவசரம் வெளியே போய்விட்டான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாளும் பார்த்திராத பெண்ணுக்காக அப்படி அழுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஃபோனில் பல்செட்டம்மாவின் குரல் மெதுவாக வந்தது. "நூறு வந்துட்டா நிறுத்திடலாம்னு அவ சொன்னா. நிறுத்திடப் போறீங்களா?"

மணி மூன்று முப்பத்தைந்து. நான் அண்ணனைப் பார்த்தேன்.

"எப்படிம்மா நிறுத்தறது?" என்றார் அவர். குரல் உடைந்திருந்தாலும் பேச்சு அதே வேலைக்காரன் பேச்சு. "எழுபத்திரெண்டு, எழுபத்து மூணு இன்னும் வரலையே. அப்படியே வந்தாலும், ஒரு நாள் சரியா ஓடினா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. சோதனை ஓடட்டும்."

நான்கு மணிக்கு முப்பது கணக்குகளை அழித்தார். முப்பத்தொன்றாவது கணக்கின் உரிமையாளர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார்.

நான் பல்செட்டம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன், கீழே விதியை மீறி என் சொந்தப் பெயரைப் போட்டேன். பதில் வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கிற தகுதியும் எனக்கில்லை.

மறுநாள் மூன்றரைக்கு விளக்கு எரிந்தது. அண்ணன் தட்டச்சை நிறுத்திவிட்டு, நாற்காலியைத் திருப்பி, அது அணையும் வரை பார்த்தார். மூன்று நாற்பதுக்கு அவருக்கும் எனக்கும் சேர்த்து பல்செட்டம்மாவிடமிருந்து ஓர் அஞ்சல் வந்தது.

"இன்று ஒன்றுகூட விடுபடவில்லை. கடைசியில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று, அணைச்சாச்சு என்று நானே சொல்லிவிட்டேன். நாளைக்கும் சொல்கிறேன்."